நடுவர் இல்லாம மேட்ச் ஆடுறது எப்படி? கேப்டனுக்கும் டோர்னமென்ட் நடத்துறவங்களுக்கும் முழு வழிகாட்டி

லோக்கல் டோர்னமென்ட் நடத்தி பாத்தவங்களுக்கு இது நல்லா தெரியும், மேட்ச் பாதில நின்னு போச்சுன்னா பெரும்பாலும் அது அம்பயர் பிரச்சனையா தான் இருக்கும். அந்த ஆளு அவங்க ஏரியா, இந்த ஆளு இவங்க கேப்டனோட மச்சான், சரி பொதுவா ஒருத்தர் இருக்கட்டும்னு வெளியூர்ல இருந்து காசு குடுத்து கூட்டிட்டு வந்தா மூணாவது ஓவர்லயே அவருக்கும் கண்ணு தெரியலன்னு பேச்சு வந்துரும். அப்ப யாராச்சும் ஒருத்தர் "நடுவரே இல்லாம ஆடுவோமே"ன்னு சொல்லுவாங்க, உடனே பத்து பேர் "அவ்ளோதான், எல்லாரும் போங்காட்டம் ஆடுவானுங்க"ன்னு முடிச்சு வைப்பாங்க.

நான் ஆடுறது அல்டிமேட் ஃப்ரிஸ்பீ. சென்னைல பெசன்ட் நகர் பீச் பக்கம் சாயங்காலம் போனா ஒரு வெள்ளை டிஸ்க்க வச்சுக்கிட்டு ஆணும் பொண்ணும் ஒண்ணா மணல்ல ஓடிட்டு இருப்பாங்களே, அந்த ஆட்டம் தான். இதுல உலக சாம்பியன்ஷிப் ஃபைனல் வரைக்கும் நடுவர் கிடையாது, ஆடுறவங்களே தான் ஃபவுல் சொல்லணும், எதிர் டீம் கிட்ட பேசணும், தீத்துக்கணும். இத பாத்துட்டு நிறைய பேர் "உங்க ஆட்டத்துல எல்லாம் நல்லவங்க போல"ன்னு சொல்றாங்க. அதெல்லாம் கிடையாது, எல்லா ஆட்டத்துலயும் இருக்குற அதே மாதிரி கோவக்காரங்க, ஜெயிக்கணும்னு வெறி புடிச்சவங்க இங்கயும் இருக்காங்க. வித்தியாசம் என்னன்னா எங்களுக்கு ஒரு முறை இருக்கு, அத முதல் நாள்ல இருந்தே சொல்லிக் குடுக்குறாங்க, பாஸ் போட பழகுற மாதிரியே ஃபவுல் சொல்லவும் பழகுறோம். நேர்மைய மட்டும் நம்பி நடுவர தூக்குனீங்கன்னா கண்டிப்பா சண்டைல தான் முடியும். முறைய சொல்லிக் குடுத்துட்டு தூக்குங்க. அந்த முறைய தான் இங்க படிப்படியா எழுதுறேன், டென்னிஸ் பால் கிரிக்கெட், பேட்மின்டன், டர்ஃப் ஃபுட்பால் ஆடுறவங்களுக்கும் சேத்து.

படி 1: உங்க ஆட்டத்துக்கு இது சரிப்படுமான்னு முதல்ல பாருங்க

எல்லா ஆட்டத்துக்கும் ஒரே பதில் கிடையாது. நடுவுல நெட் இருக்குற ஆட்டம் ரொம்ப சுலபம், டென்னிஸ்ல அம்பயர் இல்லாத மேட்ச்னா உங்க பக்கம் விழுற பந்துக்கு நீங்க தான் இன், அவுட் சொல்லணும், சந்தேகமா இருந்தா அது இன். இது அங்க ரொம்ப காலமா இருக்குற நடைமுறை, அமெச்சூர் டென்னிஸ் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுது. கோல்ஃப்ல இன்னும் ஒரு படி மேல, தப்பு பண்ணவரே தன் மேல பெனால்டி போட்டுக்கணும். 1925 யூஎஸ் ஓப்பன்ல பாபி ஜோன்ஸ் பந்துகிட்ட குச்சிய வச்சப்ப பந்து லேசா அசைஞ்சிருச்சு, வேற யாரும் பாக்கல, அவரே போய் சொல்லி ஒரு ஸ்ட்ரோக் பெனால்டி, அதாவது ஒரு அடி கூடுதலா கணக்கு, வாங்கிக்கிட்டாரு. கடைசில ஸ்கோர் சமமாகி ப்ளேஆஃப் போச்சு, அதுல வில்லி மேக்ஃபார்லேன் கிட்ட தோத்தாரு. அந்த ஒரு ஸ்ட்ரோக் இல்லன்னா ப்ளேஆஃபே வந்திருக்காது, கப்பு அவருக்கு தான்.

உடம்பு மோதுற ஆட்டம் தான் கஷ்டம். கபடி மாதிரி ஒரே நேரத்துல ஏழு பேர் மேல விழுற ஆட்டத்துல நடுவர் வேணும், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஃபுட்பால்ல பசங்க நட்பா ஆடுற 5 பேர், 7 பேர் மேட்ச்னா முடியும். அல்டிமேட் இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கு, ஓட்டம் ஜாஸ்தி, தாவுறது ஜாஸ்தி, ஆனா வேணும்னே இடிக்கக் கூடாது.

அப்புறம் பரிசு. முதல் பரிசு பெரிய தொகைன்னு போஸ்டர் அடிச்சு, ஒருத்தர ஒருத்தர் முன்னப்பின்ன பாக்காத டீம்கள கூப்பிட்டு, அதுல நடுவர் இல்லாம ஆடுங்கன்னு சொன்னா அது ஆடுறவங்களுக்கு பண்ற அநியாயம். கோப்பையும் மெடலும் போதும்ங்குற டோர்னமென்ட்ல ஆரம்பிங்க.

படி 2: ரூல்ஸ ஒரே பக்கத்துல தமிழ்ல எழுதுங்க

சண்டைல பாதி ரூல் தெரியாததால வர்றது. ரெண்டு பேருமே உண்மையத் தான் சொல்லுவாங்க, ஆனா ஒவ்வொருத்தர் மண்டைல ஒவ்வொரு ரூல் இருக்கும். டர்ஃப்ல கிரிக்கெட் ஆடுறப்ப மேல நெட்ல பட்டா அவுட்டா, டெட் பாலா, ஒரு ரன்னா? வைடு எங்க இருந்து? இதெல்லாம் டாஸுக்கு முன்னாடி பேசாம விட்டுட்டு பதினஞ்சாவது நிமிஷத்துல பேசுனா அப்ப யாருக்கு எது லாபமோ அதத்தான் ரூல்னு சொல்லுவாங்க.

அல்டிமேட்ல இத ரொம்ப சீரியஸா எடுத்துக்குறாங்க. உலக ஃப்ளையிங் டிஸ்க் ஃபெடரேஷன் நடத்துற உலகப் போட்டிக்கு போறவங்க ஆன்லைன்ல ரூல்ஸ் பரீட்சை எழுதி பாஸ் ஆகணும். ஏன்னா களத்துல நீங்க ஆட்டக்காரர் மட்டும் கிடையாது, நடுவரும் நீங்க தான், ரூல் தெரியாத நடுவர யார் ஒத்துப்பாங்க? நீங்க பரீட்சை எல்லாம் வைக்க வேணாம், வாட்ஸப் க்ரூப்ல ஒரு பக்கம் அனுப்புங்க, மேட்ச் அன்னைக்கு காலைல கேப்டன்கள கூப்பிட்டு நாலஞ்சு சிக்கலான கேள்வி கேளுங்க, "பவுண்டரி லைன்ல கால் பட்டுச்சான்னு யாருக்கும் தெரியல, என்ன பண்ணுவீங்க"ன்னு. பதில் வேற வேறயா வந்தா அங்கயே பேசி ஒண்ணாக்குங்க.

தமிழ்ல எழுதுங்கன்னு நான் அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. எங்க பீச்சுல ஐடி கம்பெனில வேல பாக்குறவங்களும், காலேஜ் பசங்களும், பக்கத்து குப்பத்துப் பசங்களும் ஒரே டீம்ல ஆடுறாங்க. ரூல் புக் இங்கிலீஷ்ல மட்டும் இருந்துச்சுன்னா வாக்குவாதம் வர்றப்ப இங்கிலீஷ் சரளமா பேசுறவங்க பக்கம் தான் நியாயம் இருக்குற மாதிரி ஆயிரும். ஆட்டத்துல யார் நல்லா ஓடுறாங்களோ அவங்க ஜெயிக்கலாம், யார் நல்லா பேசுறாங்களோ அவங்க ஜெயிக்கக் கூடாது.

படி 3: எதுக்கு யார் முடிவு சொல்லணும்னு பிரிச்சு வைங்க

பொதுவான விதி இது தான், யாருக்கு நல்லா தெரிஞ்சிருக்குமோ அவங்க சொல்லணும், அவங்க எந்த டீமா இருந்தாலும் பரவாயில்ல. அல்டிமேட்ல டிஸ்க் கோட்டுக்கு உள்ளயா வெளியயான்னு வந்தா கிட்ட நின்னு பாத்த ஆளோட பேச்சு தான் எடுபடும். ஃபவுல் மட்டும் அடி வாங்குன ஆளு தான் சொல்லணும், அவங்க சொல்லாதப்ப பக்கத்துல இருக்குற ஃப்ரெண்டோ வெளிய நிக்குற கோச்சோ "ஃபவுல் ஃபவுல்"னு கத்தக் கூடாது. இந்த ஒரு ரூலே பாதி கூச்சல கொறைச்சிரும்.

டென்னிஸ் பால் கிரிக்கெட்டுக்கு இத இப்படி மாத்தலாம். கீப்பர் கேட்ச்ல பேட்ல பட்டுச்சான்னு பேட்ஸ்மேனுக்கு தெரியும், அவர் சொல்லட்டும். கேட்ச் தரைல பட்டுச்சா, பவுண்டரில கால் பட்டுச்சா, இது ஃபீல்டருக்கு தான் தெரியும், அவர் சொல்லட்டும். ரன் அவுட்டும் வைடும் மட்டும் யாராச்சும் நின்னு பாக்கணும், அதுக்கு நம்ம ஊர் வழக்கப்படி பேட்டிங் சைடுல இருந்தே ஒருத்தர் அம்பயர் நிக்கட்டும். இந்த வழக்கத்த நிறைய பேர் கிண்டல் பண்றாங்க, எனக்கு அது மேல மரியாதை இருக்கு. தன் டீம் ஆள தானே அவுட்னு கைய தூக்குற பழக்கம் சின்ன வயசுலயே தெருவுல வந்துருது, அப்படி தூக்குனவன அவன் டீம் திட்டுனாலும் அடுத்த வாரம் எல்லாரும் "அவன் நின்னா சரியா சொல்லுவான்பா"ன்னு அவனத் தான் கூப்பிடுவாங்க. எல்பிடபிள்யூவ மட்டும் எடுத்துருங்க, தெரு கிரிக்கெட்ல அத இல்லாம ஆடுறது சும்மா இல்ல, அது யாராலயும் உறுதியா சொல்ல முடியாத விஷயம், அத வச்சுக்கிட்டு நடுவர் இல்லாம ஆட முடியாது.

பேட்மின்டன்ல உங்க பக்க கோடு உங்களுது. சந்தேகம்னா எதிராளிக்கு பாயிண்ட். "லெட் ஆடலாம்"னு, அதாவது அந்த பாயிண்ட திரும்ப ஆடலாம்னு, ஒவ்வொரு தடவையும் கேக்குறவங்க இருக்காங்க, அத ஊக்குவிக்காதீங்க, தெளிவா பாக்கலன்னா அது இன்னு எடுத்துக்குறது தான் நல்ல பழக்கம். இல்லன்னா தனக்கு தோக்குற பாயிண்ட் எல்லாத்தையும் லெட் ஆக்கப் பாப்பாங்க.

படி 4: ஃபவுல் சொல்ற முறைய ப்ராக்டிஸ்ல பழகுங்க

இது தான் இந்த முழு வழிகாட்டில முக்கியமான இடம், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

முறை இது. தப்பு நடந்த உடனே சத்தமா சொல்லணும், ரெண்டு பாஸ் போய் பாயிண்ட் போனப்புறம் ஞாபகம் வந்து சொல்லக் கூடாது. சொன்ன உடனே எல்லாரும் அப்படியே நிக்கணும். சம்பந்தப்பட்ட ரெண்டு பேரு மட்டும் பேசணும். முதல்ல சொன்னவர் என்ன நடந்துச்சுன்னு ஒரே வரில சொல்லணும், அடுத்தவர் தான் பாத்தத ஒரே வரில சொல்லணும், அப்புறம் "ஒத்துக்குறேன்" இல்ல "ஒத்துக்கல". அவ்ளோ தான். முக்கா நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது.

ஒரு காட்சி சொல்றேன். எண்ட் ஸோன்ல, அதாவது டிஸ்க்க புடிச்சா பாயிண்ட் கிடைக்குற இடத்துல, ஒரு காலேஜ் பொண்ணு தாவுது, அவளுக்கு டிஃபென்ஸ் நிக்குற சீனியர் அண்ணாவும் தாவுறாரு, டிஸ்க் மணல்ல விழுது. பொண்ணு "ஃபவுல்"னு சொல்லிட்டா.

"எங்க பட்டுச்சு மா?"

"மணிக்கட்டுல அண்ணா. டிஸ்க் கைக்கு வர்றதுக்கு முன்னாடி."

"நான் டிஸ்க்க தான் தட்டுனேன்னு நெனச்சேன். உன் கை பட்டது எனக்கும் தெரிஞ்சுது, முன்னாடியா பின்னாடியான்னு தெரியல."

"முன்னாடி தான் அண்ணா, அதான் புடிக்க முடியல."

இந்த இடத்துல அவருக்கு ரெண்டு வழி இருக்கு. ஒத்துக்கிட்டா டிஸ்க் அந்தப் பொண்ணுக்கு, கோட்டுகிட்ட வச்சு ஆட்டம் தொடரும், பாயிண்ட்டா கணக்கு ஆகாது. ஒத்துக்கலன்னா டிஸ்க் கடைசியா எறிஞ்சவர் கைக்கே திரும்பிப் போயிரும், நடந்தது நடக்காத மாதிரி மறுபடி எறியணும். எந்த வழில போனாலும் யாரும் யாரையும் பொய்யன்னு சொல்லல, கவனிங்க. "நீ தப்பு பண்ண"ன்னு அவ ஆரம்பிக்கல, "எங்க பட்டுச்சு"ங்குற கேள்விக்கு பதில் சொன்னா. அவரும் "படவே இல்ல"ன்னு அடிச்சு சொல்லாம தனக்கு எது தெரியும் எது தெரியாதுன்னு பிரிச்சு சொன்னாரு. இந்தப் பிரிச்சு சொல்றது தான் ப்ராக்டிஸ் பண்ணி வரவேண்டிய விஷயம், மூச்சு வாங்கிட்டு நிக்குறப்ப, ஸ்கோர் 12-12ன்னு இருக்குறப்ப அது தானா வராது.

அதனால வாரத்துல ஒரு ப்ராக்டிஸ்ல பத்து நிமிஷம் இதுக்குன்னு ஒதுக்குங்க. ரெண்டு ரெண்டு பேரா நிக்க வச்சு வேணும்னே ஒரு மோதல் நடத்தி, ஃபவுல் சொல்லி, பேசி, முடிவெடுக்க வைங்க. அப்புறம் பக்கத்த மாத்துங்க, ஃபவுல் சொன்னவர் இப்ப ஃபவுல் பண்ணவரா நிக்கட்டும். சொன்ன வார்த்தைய கவனிங்க, "நீ எப்பவும் இப்படித்தான்"னு வந்துச்சுன்னா நிறுத்துங்க, இப்ப நடந்தத மட்டும் பேசணும்.

தன் டீம் ஆளு தப்பா ஃபவுல் சொன்னா அத திருத்த வேண்டியதும் தன் டீம் தான். "மச்சான் அவர் கை படல, நான் பக்கத்துல இருந்து பாத்தேன், விட்ரு"ன்னு ஒருத்தர் சொன்னா முடிஞ்சுது. சொன்னத வாபஸ் வாங்குறதும் ஒரு கௌரவமான விஷயம்னு பசங்களுக்கு ஆரம்பத்துலயே காட்டணும், வாபஸ் வாங்குறவங்கள கை தட்டி பாராட்டுங்க, ரெண்டு டீமும்.

படி 5: தண்டனைய கொறைங்க

ஃபுட்பால்ல கோல் போகப் போற ஆள பின்னாடி இருந்து சட்டைய புடிச்சு இழுக்குறத புத்திசாலித்தனம்னு கமென்ட்ரில கூட சொல்லுவாங்க. நடுவர் கார்டு காட்டுவாரு, அத விலையா குடுத்து கோல தடுத்துட்டேன்னு கணக்கு. தப்பு பண்ணேனாங்குற கேள்வி போய் நடுவர் பாத்தாரா, விலை கட்டுபடியாகுமாங்குற கேள்வி மட்டும் மிஞ்சும்.

அல்டிமேட் ரூல் புக் இத வேற மாதிரி அணுகுது. வேணும்னே யாரும் ரூல மீற மாட்டாங்கன்னு எடுத்துக்கிட்டு, அதனால தெரியாம நடந்த தப்புக்கு பெரிய தண்டனை வைக்காம, தப்பு நடக்கலன்னா ஆட்டம் எப்படி போயிருக்குமோ அந்த நிலைமைக்கு திருப்பிக் கொண்டு போறது தான் அதோட அடிப்படை. தண்டனை சின்னதா இருக்குறப்ப ஒத்துக்குறது சுலபம். "ஆமா பட்டுச்சு"ன்னு சொன்னா பெனால்டி கிக், ஆளு வெளிய, மேட்ச் போச்சுன்னா எவ்ளோ நல்லவங்களா இருந்தாலும் நாக்கு தடுமாறும்.

ஆட்டத்த நிறுத்தாமலே சரி பண்ற ரூலும் இருக்கு. டிஸ்க் கைல வச்சிருக்குறவர் பத்து எண்றதுக்குள்ள எறியணும், அந்த எண்ணிக்கைய எதிர்ல தடுக்குறவரே சத்தமா சொல்லணும். வேகமா எண்ணுனா "ஃபாஸ்ட் கவுண்ட்"னு சொன்னா போதும், எண்ணுறவர் கடைசியா சொன்ன எண்ணுல இருந்து ஒண்ணு கொறைச்சு தொடருவாரு, ஆட்டம் ஓடிட்டே இருக்கும். எதிராளி கைலயே வாட்ச்ச குடுத்து டைம் பாக்க சொல்ற ஆட்டம் வேற எங்க இருக்கு!

உங்க டோர்னமென்ட்லயும் இத செய்யலாம். டர்ஃப் ஃபுட்பால்ல ஃபவுலுக்கு ஃப்ரீ கிக் மட்டும், பெனால்டி வேணாம். கிரிக்கெட்ல பேச்சு முக்கா நிமிஷம் தாண்டுனா அந்த பால திரும்ப போடுங்க. ஒருத்தரே திரும்பத் திரும்ப அத பயன்படுத்துனா அது வேற பிரச்சனை, அதுக்கு வர்றேன்.

படி 6: வாய் திறக்காதவங்கள கவனிங்க

நடுவர் இல்லாத ஆட்டத்தோட உண்மையான பலவீனம் இது தான், போங்கு ஆடுறவங்கள விட இது தான் எனக்கு கவலை. புதுசா வந்த பையன், வயசுல சின்னவங்க, கூச்ச சுபாவம் உள்ள பொண்ணு, இவங்க அடி வாங்குனா கூட ஃபவுல் சொல்ல மாட்டாங்க. சீனியர் அண்ணா கிட்ட எப்படி சொல்றதுன்னு தயங்குவாங்க. அதே நேரம் குரல் ஓங்கி பேசுற ஒருத்தர் எல்லாத்துக்கும் ஃபவுல் சொல்லி எல்லாத்தையும் ஜெயிச்சுட்டுப் போவாரு. நல்ல நடுவர் இருந்தா அந்த சின்னப் பையனுக்கு பாதுகாப்பு, இத ஒத்துக்கிட்டே ஆகணும்.

இதுக்கு வழி, ஒவ்வொரு டீம்லயும் ஸ்பிரிட் கேப்டன்னு ஒருத்தர வைங்க, ஆட்ட கேப்டன் வேற இவர் வேற. ஒரு பாயிண்ட் முடிஞ்ச உடனே போய் "உனக்கு கை பட்டுச்சு தானே, ஏன் சொல்லல"ன்னு கேக்குறது, எதிர் டீம் ஸ்பிரிட் கேப்டன் கிட்ட போய் "உங்க எட்டாம் நம்பர் கொஞ்சம் முரட்டுத்தனமா வர்றாரு, பேசுங்க"ன்னு சொல்றது எல்லாம் இவர் வேல. சூடு ரொம்ப ஏறிருச்சுன்னா அல்டிமேட்ல ஆட்டத்த நிறுத்தி ரெண்டு டீமும் ஒரே வட்டமா நின்னு பேச வழி இருக்கு, அதுல ஆட்டத் திட்டம் பேசக் கூடாது, நடந்துக்குற விதத்த மட்டும் பேசணும். தோள்ல கை போட்டு நிக்குறப்ப சத்தம் தானா இறங்கும்.

ஃபவுல் சொல்ல உரிமை இருக்குன்னு சின்னவங்களுக்கு சொல்றதோட நிக்காம, பெரியவங்களுக்கு ஒரு விதி வைங்க, 16 வயசுக்கு கீழ உள்ளவங்க மேல கை பட்டுச்சுன்னு உங்களுக்கு தெரிஞ்சா அவங்க சொல்றதுக்கு காத்திருக்காம நீங்களே சொல்லிருங்கன்னு.

படி 7: மேட்ச் முடிஞ்சதும் எதிர் டீமுக்கு மார்க் போடுங்க

ஆட்டம் முடிஞ்ச உடனே எங்க வழக்கப்படி ரெண்டு டீமும் மாறி மாறி தோளோட தோள் சேந்து வட்டமா உக்காருவோம், இல்ல நிப்போம். ரெண்டு கேப்டனும் பேசுவாங்க, எது நல்லா இருந்துச்சு, எங்க உரசுச்சுன்னு. அப்புறம் ஒவ்வொரு டீமும் தனியா போய் எதிர் டீமுக்கு மார்க் போடும். அஞ்சு தலைப்பு: ரூல்ஸ் தெரிஞ்சு சரியா பயன்படுத்துனாங்களா, ஃபவுலும் உடம்பு மோதுறதும் எப்படி, ரெண்டு பக்கமும் பாத்து நியாயமா நடந்தாங்களா, மனப்பான்மையும் கோவத்த அடக்குறதும், பேசுன விதம். ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 4 வரை. சாதாரணமா நல்லா ஆடுனா 2, அதனால மொத்தம் 10 வந்தா அது நல்ல மார்க், அதிகபட்சம் 20.

மார்க் போடுறப்ப ரெண்டு தப்பு நடக்கும். ஒண்ணு, தோத்த கடுப்புல கொறைச்சு போடுறது. இன்னொண்ணு இதவிட அதிகம், எதுக்கு வம்புன்னு எல்லாருக்கும் கூட்டிப் போடுறது. ரெண்டுக்கும் மருந்து ஒண்ணு தான், 2ல இருந்து மேலயோ கீழயோ போனா காரணம் எழுதணும். "அவங்க 7ஆம் நம்பர் ஒரு கேட்ச் அவரே அவுட்னு சொன்னாரு, 3 போட்டோம்." இப்படி எழுதுனா படிக்குற டீமுக்கு பயன் இருக்கும். அன்னைக்கே நிரப்பி வாங்கிருங்க, வீட்டுக்குப் போனா வராது. உங்க டீமுக்கும் நீங்களே ஒரு மார்க் போட்டு வச்சு ரெண்டையும் ஒப்பிட்டு பாருங்க, நாம நினைக்குறதுக்கும் அவங்க பாத்ததுக்கும் எவ்ளோ தூரம்னு புரியும்.

ஸ்பிரிட்ல, அதாவது இந்த மார்க்ல, முதல் வந்த டீமுக்கு பரிசு குடுங்க, அது ஆறுதல் பரிசு மாதிரி சின்ன கப்பா இருக்கக் கூடாது. சாம்பியன் கப்பும் இதுவும் ஒரே சைஸ், மேடைல ஒரே மரியாதை.

படி 8: நடுவர் வேணும்னா எந்த அளவுக்கு வேணும்னு யோசிங்க

நடுவர் இருக்குறது, இல்லாதது, இந்த ரெண்டுக்கும் நடுவுல நிறைய படி இருக்கு, இது பல பேருக்கு தெரியாது.

1968ல அமெரிக்கால நியூ ஜெர்சில மேப்பிள்வுட் ஊர் கொலம்பியா ஹைஸ்கூல் பசங்க அல்டிமேட்ட ஆரம்பிச்சப்ப இப்படி ஒரு விவாதம் வரும்னு நினைச்சிருக்க மாட்டாங்க. ஆட்டம் வளர வளர, பெரிய மேட்ச்ல பேச்சு நீண்டு போய் பாக்குறவங்களுக்கு சலிப்பு வர ஆரம்பிச்சுது, அது நியாயமான குறை தான். அதுக்கு மூணு இடத்துல மூணு பதில் கண்டுபிடிச்சாங்க. உலக ஃபெடரேஷன் கேம் அட்வைசர்னு ஒருத்தர கோட்டுகிட்ட நிக்க வச்சுது, ஆட்டக்காரங்க கேட்டா தான் பாத்தத சொல்லுவாரு, ரூல் என்னன்னு சொல்லுவாரு, ஆனா முடிவு ஆட்டக்காரங்களோடது. அமெரிக்கால இந்த ஆட்டத்த நடத்துற அமைப்பான யூஎஸ்ஏ அல்டிமேட் அப்சர்வர்னு ஒருத்தர வச்சிருக்கு, ரெண்டு பேரும் பேசி முடியலன்னா அவர் தீர்ப்பு சொல்லுவாரு, கோட்டுக்கு உள்ளயா வெளியயான்னு அவரே சொல்லுவாரு, நடத்தை மோசமா இருந்தா கார்டு காட்டுவாரு. மூணாவது, 2012ல ஆரம்பிச்ச அமெரிக்க ப்ரொஃபஷனல் லீக், இப்ப அதுக்கு பேரு யூஎஃப்ஏ, அது முழுசா நடுவர கொண்டு வந்துருச்சு, ஆனாலும் ஒரு விதிய விடல: நடுவர் உங்களுக்கு சாதகமா தப்பா சொல்லிட்டா நீங்களே அத மாத்தி சொல்லலாம்.

அந்த விதி எனக்கு ரொம்ப புடிக்கும், ஏன்னா நடுவர் வந்துட்டாலும் ஆடுறவங்க பொறுப்பு போயிராதுன்னு அது எழுத்துலயே சொல்லுது. கிரிக்கெட்ல இதுக்கு நம்ம கண்ணு முன்னாடியே உதாரணம் இருக்கு. 2003 உலகக் கோப்பை செமி ஃபைனல்ல ஸ்ரீலங்காவுக்கு எதிரா ஆடம் கில்கிறிஸ்ட், அம்பயர் ரூடி கோர்ட்ஸன் நாட் அவுட்னு தலையாட்டுனப்புறமும் தானே நடந்து வெளிய போனாரு. அதுக்கு முன்னாடி 1980 பாம்பே கோல்டன் ஜூபிலி டெஸ்ட்ல நம்ம கேப்டன் ஜி.ஆர்.விஸ்வநாத், அவுட்னு அம்பயர் கைய தூக்கி அனுப்புன இங்கிலாந்து பேட்ஸ்மேன் பாப் டெய்லர திரும்ப கூப்பிட்டாரு. டெய்லரும் போத்தமும் சேந்து 171 ரன் போட்டாங்க, இந்தியா பத்து விக்கெட்ல தோத்துச்சு. விஸ்வநாத் பண்ணது சரியான்னு இன்னும் வாதம் போகுது, என்னப் பொறுத்த வரைக்கும் சரி தான், அவுட் இல்லாத ஆள அனுப்பி ஜெயிச்சிருந்தா அந்த மேட்ச்ச பத்தி இன்னைக்கு யார் பேசியிருப்பா?

உங்க டோர்னமென்ட்டுக்கு என் யோசனை, லீக் மேட்ச் எல்லாம் நடுவர் இல்லாம, செமியும் ஃபைனலும் ரெண்டு டீமும் ஒத்துக்குற ஒருத்தர அட்வைசரா கோட்டுகிட்ட நிறுத்தி ஆடுங்க. அவர் விசில் ஊத மாட்டாரு, கேட்டா மட்டும் சொல்லுவாரு.

படி 9: வேணும்னே ஏமாத்துற டீம் வந்தா

வரும், கண்டிப்பா ஒண்ணு வரும். எல்லாத்துக்கும் "ஒத்துக்கல"ன்னு சொல்லி ஆட்டத்த பின்னாடி இழுக்குற அழுகுணி ஆட்டக்காரங்க. நீங்களும் பதிலுக்கு அதே மாதிரி ஆட ஆரம்பிச்சா அங்கயே எல்லாம் முடிஞ்சுது. முதல்ல ஸ்பிரிட் கேப்டன் மூலமா பேசுங்க, ஆளு பேர சொல்லாம சம்பவத்த சொல்லுங்க. நிக்கலன்னா ஆட்டத்த நிறுத்தி வட்டம் போடுங்க. அப்பவும் நிக்கலன்னா அந்த மேட்ச்சுக்கு நடத்துறவங்க ஒரு அப்சர்வர நிறுத்தணும், இந்த அதிகாரம் அவங்களுக்கு உண்டுன்னு முதல்லயே எழுத்துல இருக்கணும். மார்க் ரொம்ப கீழ போற டீம் கிட்ட கேப்டன கூப்பிட்டு பேசி, அடுத்த தடவை இடம் குடுக்குறதுக்கு முன்னாடி ரூல்ஸ் கூட்டத்துக்கு டீம் முழுசும் வரணும்னு சொல்லுங்க.

வெளிய நிக்குறவங்களுக்கும் ஒரு கோடு போடுங்க. அப்பா, அம்மா, கோச், யாரா இருந்தாலும் ஃபவுல் பத்தி பேசக் கூடாது, கேட்டா ரூல் மட்டும் சொல்லலாம். பசங்க ரெண்டு பேரும் அழகா பேசி முடிக்கிற நேரத்துல வெளிய இருந்து ஒரு அப்பா "விட்டுக் குடுக்காதடா"ன்னு கத்துறது தான் நான் பாத்ததுலயே மோசமான தொந்தரவு.

முதல் தடவை நடத்துறவங்களுக்கு

நாலு டீம் போதும், ஒரே நாள். காலைல அரை மணி நேரம் ரூல்ஸ் கூட்டம், ஒவ்வொரு டீமும் மத்த மூணு டீமோட ஒரு தடவை, ஒவ்வொரு மேட்ச்சுக்கு நடுவுலயும் வட்டத்துக்கும் மார்க்குக்கும் சேத்து 15 நிமிஷம் விடுங்க, இந்த 15 நிமிஷத்த சேக்காம அட்டவணை போட்டா மதியத்துக்குள்ள எல்லாம் தள்ளிப் போயிரும். பேனா நிறைய வாங்கி வைங்க. ஃபவுல் சொல்லி ரெண்டு பேருக்கும் ஒத்து வராத சம்பவத்த எல்லாம் ஒருத்தர் ஒரு நோட்டுல குறிச்சு வைக்கட்டும், யார்னு வேணாம், என்ன நடந்துச்சு எப்படி முடிஞ்சுதுன்னு மட்டும். அடுத்த வாரம் கேப்டன்கள டீக்கடைல உக்கார வச்சு அந்த நோட்ட பிரிங்க, எந்த ரூல்ல திரும்பத் திரும்ப சிக்குதோ அந்த வரிய ரூல்ஸ் பக்கத்துல மாத்தி எழுதுங்க.